வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

(ஈப்போ புந்தோங்கில் தாய்மார்களும் குடும்பத்தினரும் கூடியிருந்த அவையில், ஓய்வு பெற்ற தாதி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கு என் முதல் வணக்கம். அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் அம்மாமார்களுக்கும் அத்தைமார்களுக்கும் அடுத்த வணக்கம். கதவோரம் நிற்கும் தம்பிகளே, ஐயாமார்களே, உங்களுக்கும் வணக்கம். தயவுசெய்து உள்ளே வந்து உட்காருங்கள். பெண்கள் விஷயம் என்று நீங்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது. நள்ளிரவில் வண்டியை எடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். என் அம்மா பால்மரம் வெட்டியவர். நான் தாதியாகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ அறையில் நின்றவள். எத்தனையோ குழந்தைகளின் முதல் அழுகையைக் கேட்ட காது இது. ஓரிரு முறை, வர வேண்டிய அழுகை வராத அமைதியையும் கேட்டிருக்கிறது. அந்த அமைதிதான் என்னை இன்று உங்கள் முன் நிறுத்தியிருக்கிறது.

இன்று நான் ஒரு கிருமியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மருத்துவமனையில் ஜி.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். பெயர் மறந்துபோனால் பரவாயில்லை. இன்னொன்றைப் பற்றியும் பேசப் போகிறேன். அதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அது நேரம்.

முதலில் கிருமியின் கதையைக் கேளுங்கள். அது மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் அம்மா ஒரு மாடு வளர்த்தார். ஒருநாள் விடியற்காலையில் பால் கறக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டார். மடி வீங்கிக் கல்லாக இருந்தது. தொட்டால் மாடு உதைத்தது. அம்மா மெல்ல ஒரு சொட்டு பீய்ச்சித் தன் உள்ளங்கையில் காட்டினார். பாலா அது? தண்ணீராக ஓடியது, நடுவே தயிர்போல் திரிதிரியாக மிதந்தது. "மடிநோய் வந்துடுச்சி, இனி பால் வத்திப்போயிடும்" என்றார் அம்மா.

மடிநோய்க்குப் பல கிருமிகள் காரணமாகலாம். அவற்றுள் ஒன்றுதான் நான் சொல்லும் கிருமி. விஞ்ஞானிகள் இதை முதலில் அறிந்தது மாட்டின் மடியில்தான். அதனால்தான் அதன் லத்தீன் பெயரில் 'அகலாக்டியே' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால் இல்லாமை என்பது அதன் பொருள். 1933-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற பெண்மணி, இந்த வகைக் கிருமிகளை ஏ, பி, சி என்று பிரித்து அடுக்கினார். மாட்டு மடியிலிருந்து வந்தது பி வரிசையில் நின்றது. மனிதருக்கு அதனால் பெரிய தீங்கில்லை என்றே அப்போது நினைத்தார்கள். 1938-இல், பிள்ளை பெற்ற தாய்மார் மூவர் இதே கிருமியால் இறந்த செய்தி மருத்துவ ஏட்டில் வந்தது. 1970-களில் மேலை நாட்டு மருத்துவர்கள் திடுக்கிட்டார்கள். பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தைகளைக் கொல்லும் கிருமிகளில் இது முன்வரிசைக்கு வந்திருந்தது.

அப்படியானால் மாடு வளர்த்த நமக்கு மாட்டிடமிருந்து தொற்றியதா? இல்லை. நான் மாட்டைச் சொன்னது பெயரின் காரணத்தைப் புரியவைக்கத்தான். இந்தக் கிருமி மனிதரின் குடலிலேயே குடியிருக்கிறது. ஆணின் குடலிலும் இருக்கும், பெண்ணின் குடலிலும் இருக்கும். பெண்களுக்குக் குடலிலிருந்து பிறப்புறுப்புப் பக்கம் வந்து தங்கும். சில மாதம் இருக்கும், சில மாதம் இல்லாமல் போகும், மறுபடியும் வரும். தங்கியிருக்கும் தாய்க்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராது. அரிப்பு இருக்காது, வலி இருக்காது, நாற்றம் இருக்காது. இருப்பதே தெரியாது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் சண்டை தொடங்குகிறது.

இது கெட்ட நோயா? இல்லை. கணவன் வெளியிலிருந்து கொண்டுவந்ததா? இல்லை. மருமகள் சுத்தமாக இல்லாததால் வந்ததா? இல்லை. சாப்பிட்ட சாப்பாட்டாலா, யாரோ வைத்த கண்ணாலா? இல்லை, இல்லை, இல்லை. மஞ்சள் தண்ணீரிலும் வேப்பிலைத் தண்ணீரிலும் குளிப்பது உங்கள் விருப்பம். ஆனால் எதை ஊற்றிக் கழுவினாலும் இந்தக் கிருமி போகாது. உள்ளே கழுவவே கூடாது. மாமியார்மார்களே, உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். மருமகளின் பரிசோதனைத் தாளில் ஜி.பி.எஸ். இருக்கிறது என்று வந்தால் அவள் முகத்தை ஏற இறங்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கு உங்களுக்குப் பரிசோதனை செய்திருந்தால் உங்களுக்கும் இருந்திருக்கலாம்.

சரி, எத்தனை பேருக்கு இருக்கும்? ஊருக்கு ஊர் வேறுபடும். நூறு கர்ப்பிணிகளில் பத்து முதல் முப்பது பேர் வரை என்பது பொதுவான கணக்கு. இந்த மண்டபத்தில் ஆயிரம் கர்ப்பிணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் இருநூறு பேரிடம் கிருமி இருக்கிறது என்று கொள்வோம். எந்த மருந்தும் கொடுக்காமல் விட்டால், அந்த இருநூறு பேரின் குழந்தைகளில் நூறு குழந்தைகளின் மேல் கிருமி ஒட்டிக்கொள்ளும். அந்த நூறில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றுமே ஆகாது. பால் குடிக்கும், தூங்கும், சிரிக்கும். ஆனால் இரண்டு, மூன்று, நான்கு குழந்தைகள் விழும். விழுந்தால் கடுமையாக விழும். நுரையீரலில் சளிக்காய்ச்சல், இரத்தத்தில் கிருமி, மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வீக்கம்.

ஆயிரத்தில் இரண்டு மூன்றுதானே என்று யாராவது நினைக்கலாம். அவற்றில் ஒன்று உங்கள் வீட்டுத் தொட்டிலில் என்றால்? உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் பச்சிளம் குழந்தைகள் இந்தக் கிருமியால் இறக்கின்றன. ஏறத்தாழ 50,000 குழந்தைகள் வயிற்றிலேயே இறந்து பிறக்கின்றன. சிறு கணக்கு, பெரிய கணக்காகிவிட்டது.

கிருமி குழந்தையை எப்படி அடைகிறது? குழந்தை பனிக்குடத்துக்குள் இருக்கிறது. குடம் உடையாதவரை அது பெரும்பாலும் ஒரு கோட்டைச் சுவர். குடம் உடைந்ததும் வாசல் திறந்துவிட்டது. கீழே இருக்கும் கிருமி மெல்ல மேலே ஏறுகிறது. குழந்தை அந்த நீரை விழுங்குகிறது, மூச்சோடு உள்ளே இழுக்கிறது. வாசல் திறந்து எத்தனை மணி நேரம் ஆகிறதோ, அத்தனைக்கு ஆபத்து கூடுகிறது.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், ஊர் சொல்ல மாட்டேன், மருத்துவமனை சொல்ல மாட்டேன். முதல் பிள்ளை. இரவு பத்து மணிக்குப் பாவாடை நனைந்தது. மூத்திரம்தான் என்று நினைத்தாள். துணி மாற்றினாள், மறுபடியும் நனைந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னாள். "வலி வந்துச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். "அப்ப என்ன அவசரம், முதல் பிள்ளை மெதுவாத்தான் வரும், வலி வரட்டும்" என்றார்கள். விடிந்தது. வலி வரவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நல்ல நேரம் பார்த்தார்கள். மத்தியானம் போயிற்று. வலி வந்தபோது மாலை ஐந்து மணி. வந்த வலி நிதானமாக வரவில்லை. அடுக்கடுக்காக வந்தது. அவள் எங்களிடம் வந்து சேர்ந்த முக்கால் மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது.

ஆண் குழந்தை. நல்ல எடை. ஆனால் அழுகை சன்னமாக இருந்தது. சிறிது நேரத்தில் ஒரு முனகல் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் "ம்... ம்..." என்று. கேட்பவர்களுக்குக் குழந்தை கொஞ்சுவதுபோல் இருக்கும். தாதிக்கு அது வேறு சத்தம். நுரையீரல் சுருங்கிவிடாமல் காக்க அந்தச் சின்ன நெஞ்சு போராடும் சத்தம். மருத்துவர்கள் தங்களால் முடிந்த அனைத்தையும் செய்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

அவள் கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே அவளுடைய பிங்க் புத்தகம், அதாவது கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம். பை நனைந்தாலும் புத்தகம் நனையக் கூடாது என்று இரண்டு பைகளுக்குள் போட்டுச் சுற்றி வைத்திருந்தாள். நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு தவணை தவறவில்லை. எடை எழுதியிருக்கிறது. இரத்த அழுத்தம் எழுதியிருக்கிறது. சிறுநீர் எழுதியிருக்கிறது. எல்லாப் பக்கமும் நிரம்பியிருக்கிறது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மிஸி, நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

நீ ஒரு தப்பும் பண்ணவில்லை, தாயே. 'குடம் உடைந்தால் வலிக்குக் காத்திருக்காதே' என்ற ஒரு வாக்கியத்தை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாதவர்களில் நானும் ஒருத்தி. எத்தனை தாய்மாருக்கு நான் எடை பார்த்திருப்பேன்! எத்தனை பேரிடம் இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன்? அன்றிலிருந்து நான் சந்திக்கும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று உங்களிடம் சொல்கிறேன்.

ஏன் அவ்வளவு அவசரம்? ஏனென்றால் இந்தக் கிருமிக்கு மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கு நேரம் வேண்டும்.

மருந்தின் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பெனிசிலின். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்த அதே பழைய பெனிசிலின். எத்தனையோ கிருமிகள் எத்தனையோ மருந்துகளை வென்றுவிட்ட இந்தக் காலத்திலும், இந்தக் கிருமி பெரும்பாலும் பெனிசிலினுக்கு அடங்கிப்போகிறது. விலை உயர்ந்த மருந்தும் இல்லை, அரிதான மருந்தும் இல்லை. பிரசவ வலி தொடங்கியதும், அல்லது குடம் உடைந்ததும், கையில் ஊசி குத்தி இரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். முதல் முறை 50 லட்சம் யூனிட். பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம் யூனிட், குழந்தை பிறக்கும்வரை. ஆம்பிசிலின் கொடுக்கும் இடங்களும் உண்டு.

நான்கு மணி நேரம். இந்த எண்ணை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை பிறப்பதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பாக மருந்து ஏறியிருந்தால் காவல் பலமாக இருக்கும். தாயின் இரத்தத்தில் ஏறிய மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் இரத்தத்துக்குப் போக வேண்டும், பனிக்குட நீரில் கலக்க வேண்டும், கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டாமா? நான்கு மணி நேரம் கிடைக்காவிட்டாலும் மருந்து வீண்போகாது. இரண்டு மணி நேரம் கிடைத்தாலும் அதற்கேற்ற பலன் உண்டு. ஆகவே தாமதமாகிவிட்டதே என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேரத்தைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டுமா? கோலாகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த மரம் பெருகிப் பேராக் முழுவதும் காடாக நின்றபோது, நம் பாட்டிமார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள்? இருட்டில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழைந்தார்கள். ஏன்? வெயில் ஏறிவிட்டால் மரம் குறைவாகவே பால் கொடுக்கும். கொடுத்த பாலையும் உறைவதற்குள் ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மரத்துப் பாலுக்கு நேரம் பார்த்து ஓடிய இனம் நாம். நம் பிள்ளைக்கு நேரம் பார்த்து ஓட மாட்டோமா?

சிலர் கேட்பார்கள். "எட்டாம் மாசமே மாத்திரை சாப்பிட்டுக் கிருமியை ஒழித்துவிடலாமே, ஏன் கடைசிவரை காத்திருக்க வேண்டும்?" நல்ல கேள்வி. மாத்திரை சாப்பிட்டால் கிருமி கொஞ்ச நாள் பதுங்கும். குடலிலிருந்து மறுபடியும் வந்துவிடும். பிரசவ நாளில் அது அங்கேயே இருக்கும். அதனால்தான் பிரசவ நேரத்திலேயே, இரத்தக் குழாயிலேயே கொடுக்கிறார்கள். சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தால் மட்டும் அதற்கு உடனே மாத்திரை கொடுப்பார்கள். அதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அந்தத் தாய்க்குப் பிரசவ நேரத்தில் ஊசி மருந்தும் வேண்டும். இரண்டும் வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காயா? பலன் தந்திருக்கிறதா? தந்திருக்கிறது. 1986-இல் சிகாகோவில் பாயர், காட்ஆஃப் என்ற இரு மருத்துவர்கள், பிரசவ நேரத்தில் மருந்து கொடுத்தால் குழந்தை தப்புகிறது என்று ஆய்வில் காட்டினார்கள். அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 1.7 குழந்தைகளுக்கு முதல் வாரத்திலேயே இந்த நோய் வந்தது. மருந்து கொடுக்கும் வழக்கம் பரவிய பிறகு அது ஆயிரத்துக்குக் கால் குழந்தை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் காப்பாற்றப்பட்டார்கள். எதனால்? பழைய மருந்தாலும் சரியான நேரத்தாலும்.

அப்படியானால் யாருக்கு இந்த மருந்து வேண்டும்? உங்கள் வலது கையை விரியுங்கள். ஐந்து விரல், ஆறு காரணம்.

கட்டை விரல்: முன்பு பெற்ற குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தால். சுட்டு விரல்: இந்தக் கர்ப்பத்தில் எந்த மாதமானாலும் சிறுநீரில் இந்தக் கிருமி தெரிந்திருந்தால். நடு விரல்: இந்தக் கர்ப்பத்தில் பஞ்சுக்குச்சிப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்திருந்தால். மோதிர விரல்: 37 வாரம் முடியுமுன்பே பிரசவ வலி வந்துவிட்டால். சுண்டு விரலில் இரண்டு: குடம் உடைந்து 18 மணி நேரம் ஆகிவிட்டால், அல்லது பிரசவ நேரத்தில் 38 டிகிரிக்குக் காய்ச்சல் ஏறினால். இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் வாயைத் திறந்து தாதியிடம் சொல்லுங்கள்.

அந்தப் பரிசோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் பிறப்புறுப்பின் வாசலிலும் ஆசனவாயிலும் தடவி எடுப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, வலிக்காது. அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க ஓரிரு நாள் ஆகும். 36, 37-ஆம் வாரத்தில் செய்வதுதான் சரி. ஏன் ஐந்தாம் மாதத்தில் செய்யக் கூடாது? கிருமி வந்து போகும் என்று சொன்னேன் அல்லவா? ஒரு முடிவு ஐந்து வாரம்வரைதான் நம்பத்தக்கது.

அமெரிக்காவில் 2002 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. பிரிட்டனில் எல்லாருக்கும் செய்வதில்லை. ஆபத்துக் காரணங்களைப் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். நம் மலேசிய அரசு மருத்துவமனைகளின் வழியும் அதுதான். தனியார் மருத்துவமனைகளில் கேட்டால் செய்துகொடுப்பார்கள், அதற்குப் பணம் வேண்டும். பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? கவலைப்பட வேண்டாம். பரிசோதனை இல்லாமலும் காவல் உண்டு. நான் விரல் மடக்கிச் சொன்ன காரணங்களைப் பாருங்கள். குடம் எத்தனை மணிக்கு உடைந்தது என்று சொல்லக் காசு வேண்டுமா? முதல் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லக் காசு வேண்டுமா? உண்மையைச் சரியான நேரத்தில் சொன்னால் போதும்.

எனவே குடம் உடைந்ததும் முதல் வேலை என்ன? கடிகாரத்தைப் பாருங்கள். மணியை எழுதிக்கொள்ளுங்கள். நீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ இரத்தமாகவோ இருந்தால் இன்னும் அவசரம். சுத்தமான துணியோ பேடோ வைத்துக்கொள்ளுங்கள். பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படுங்கள். வண்டி இல்லையா? 999-ஐ அழையுங்கள். மருத்துவமனை வாசலில் தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் தயங்காதீர்கள். "ஆயர் கெத்துபான் பெச்சா" என்று சொல்லுங்கள். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு மணியையும் சொல்லுங்கள். இந்த மூன்று மலாய்ச் சொற்களை இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன் எல்லாரும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தம்பிகளே, நீங்களும்தான்.

இன்னும் சில கேள்விகள் உங்கள் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரியும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால்? முன்கூட்டியே சொல்லுங்கள். எப்போது, என்ன ஆனது, தடிப்பா, மூச்சுத்திணறலா என்று விவரமாகச் சொல்லுங்கள். வேறு மருந்துகள் இருக்கின்றன, அதை மருத்துவர் முடிவு செய்வார். அறுவைப் பிரசவம் என்றால்? வலி வருமுன், குடம் உடையுமுன், குறித்த நாளில் செய்தால் இந்தக் கிருமிக்கென்று தனி மருந்து தேவைப்படாது. கிருமி இருக்கிறது என்பதற்காகவே அறுவை செய்யச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாமா? வேண்டாம், அம்மா. இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டிய மருந்து, மூச்சு திணறும் குழந்தைக்கு வேண்டிய கருவி, இவையெல்லாம் வீட்டில் கிடைக்குமா?

அந்தக் காலத்தில் தோட்டத்தில் மருத்துவச்சி இருந்தார். மருந்து கொடுக்க டிரெஸர் இருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது. நான்கு லயம் தாண்டினால் மருந்துக்கொட்டகை. ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். 1957-இல், நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், தீபகற்ப மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அது ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழ். கிராமம் கிராமமாகக் கிளினிக் வந்தது, பயிற்சி பெற்ற தாதியர் வந்தனர், பிங்க் புத்தகத்தில் ஆபத்துக்கு ஏற்றபடி வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணக் குறி வந்தது. அதன் பலன் இது.

தோட்டங்கள் இப்போது செம்பனையாகிவிட்டன, வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. நாம் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிவிட்டோம். லயத்தில் ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் உடைந்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். இன்று மூன்றாவது மாடியில் கணவன் இரவு வேலைக்குப் போயிருக்க, அவள் தனியாக இருக்கிறாள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். உள்ளே இருக்கும் பழைய தோட்டக் குடியிருப்பிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கே தனிப் பயணம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் தாய்மாரின் நான்கு மணி நேரத்தில் பாதி, வழியிலேயே கரையலாம். தூரத்தை நம்மால் குறைக்க முடியாது. தயக்கத்தைக் குறைக்கலாம்.

கூடி நிற்பது நமக்குப் புதிதல்ல. சுங்கை சிப்புட் மண்ணில் 1919-இல் பிறந்த நம் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவில் நின்றபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். யார் பணத்தில்? பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில். கையில் ஒன்றுமில்லாதவர்கள் கூடித் தோட்டங்களை வாங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு தாமானில் ஐந்து குடும்பம் கூடி, இந்த மாதம் பிள்ளை பெறப் போகிறவள் யார், அவளுக்கு இரவில் வண்டி எடுப்பவர் யார் என்று பேசி வைத்துக்கொள்ள முடியாதா? முடியும்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் காவல் முடிந்துவிடாது. முதல் வாரத்தில் வரும் நோய் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே முகம் காட்டிவிடும். ஆனால் மூன்று மாதம்வரை தாமதமாகவும் வரலாம். அந்தத் தாமத நோயைப் பிரசவ நேர மருந்து தடுப்பதில்லை. அதற்குத் தடுப்பூசியும் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை, ஆராய்ச்சி நடக்கிறது. அதுவரை உங்கள் கண்ணும் காதும்தான் காவல்.

என்ன பார்க்க வேண்டும்? பால் குடிக்க மறுக்கிறதா? துவண்டு கிடக்கிறதா? எழுப்பினாலும் எழவில்லையா? மூச்சு நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டுகிறதா? முனகுகிறதா? உடம்பு சுடுகிறதா, அல்லது சில்லிட்டிருக்கிறதா? உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா? கீச்சென்று விடாமல் அழுகிறதா? உச்சிக்குழி புடைத்திருக்கிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உரம் விழுந்தது, மாந்தம், கண்பட்டது என்று சொல்லி மறுநாள்வரை வைத்திருக்காதீர்கள். பாட்டிமார்களே, உங்கள் கைவைத்தியத்தை நான் மதிக்கிறேன். உங்கள் கையில்தான் நான் வளர்ந்தேன். ஆனால் பச்சைப் பிள்ளையின் இரத்தத்தில் ஏறிய கிருமிக்கு மணிக்கணக்குத்தான் உண்டு, நாள்கணக்கு இல்லை. முதலில் மருத்துவமனை. மற்றதெல்லாம் பிறகு. குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

என் அன்புத் தாய்மார்களே, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். உங்களிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அமர்கிறேன்.

நம் வீடுகளில் ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்துகிறோம். வளையல் அடுக்குகிறோம், சந்தனம் பூசுகிறோம், வகைவகையாகச் சோறு கிளறி வைக்கிறோம், வந்தவர்கள் ஒவ்வொருவராக வாழ்த்துகிறோம். அடுத்த வளைகாப்பில், அந்தப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் தடவும்போது, அவள் காதில் இந்த வாக்கியத்தையும் சொல்லுங்கள்: "குடம் உடைஞ்சா மணியைப் பாரு, வலிக்குக் காத்திருக்காதே, புறப்படு." அவள் புருஷனையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவள் மாமியாரிடமும் சொல்லுங்கள். அன்று அந்தத் தாய் என்னிடம் கேட்ட கேள்வியை இனி இந்தப் பேராக்கில் எந்தத் தாயும் எந்தத் தாதியிடமும் கேட்கக் கூடாது.